உங்கள் பட்டறைக் கழிவு சட்டப்படி அபாயகரமானதா? படிப்படியாக வகைப்படுத்தும் முறை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நிக்கல், துத்தநாக முலாம் பூசும் சிறு பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத முடிவில் அங்கே சேர்பவை இவை: இயந்திரங்களிலிருந்து வடித்த பழைய எண்ணெய், எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட், அமிலம் வந்த காலிக் கேன்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், அதாவது பட்டறை வழக்கில் ஈடிபியில், சேர்ந்த கசடு, செத்துப்போன பேட்டரி, எரியாத டியூப்லைட்டுகள், உணவறைக் குப்பை. இவற்றுள் எவை சட்டத்தின் கணக்கில் அபாயகரமான கழிவு, எவை அல்ல என்று பிரிப்பதே இங்கே நாம் கற்கப்போகும் வேலை.

இந்தியாவில் இதற்கு அடிப்படை, போபால் விபத்துக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் 1989-இல் அபாயகரக் கழிவுகளுக்கான முதல் விதிகள் வந்தன. 2008-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அவற்றையும் மாற்றி 2016 ஏப்ரலில் வெளியான விதிகளே, பின்வந்த திருத்தங்களோடு, இப்போது நடைமுறையில் உள்ளன. தமிழ்நாட்டில் இவற்றை நடைமுறைப்படுத்துவது கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் முதல் நாளே மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வு என்பது நான்காவது படி. பெரும்பாலான பட்டறைக் கழிவுகளுக்கு அந்தப் படி வரை போகவேண்டிய தேவையே எழுவதில்லை. கீழ்வரும் வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் பணமும் காலமும் மிச்சமாகும்.

படி 1: அது கழிவுதானா என்று பாருங்கள்

விதிகளின்படி, விளைபொருளாகவோ துணைப்பொருளாகவோ அல்லாமல், உற்பத்திக்கோ மாற்றத்துக்கோ நுகர்வுக்கோ அதை உண்டாக்கியவருக்கு மேற்கொண்டு பயன்படாத பொருளே கழிவு. உற்பத்தியின்போது நோக்கமில்லாமல் உண்டாகி, உள்ளது உள்ளபடியே பயன்படுத்தப்படுவது துணைப்பொருள். இந்த இடத்தில்தான் சாமர்த்தியம் காட்டப் பலர் முயல்கிறார்கள்: தீர்ந்துபோன அமிலத்தை யாரோ ஒருவர் வாங்கிக்கொள்கிறார் என்பதாலேயே அதைத் துணைப்பொருள் என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். விலை கிடைப்பதால் மட்டும் ஒரு பொருள் கழிவு என்ற நிலையிலிருந்து நீங்கிவிடாது. அபாயகரக் கழிவை இன்னொரு தொழிலில் மூலப்பொருளாகப் பயன்படுத்துவதற்கு விதி 9 தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் போவதற்கும் வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும்.

அபாயகரமான வேதிப்பொருள் வேறு, அபாயகரக் கழிவு வேறு என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 2015-இல் பறிமுதல் செய்யப்பட்டு மணலியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 2020-இல் பெய்ரூட் வெடிவிபத்துக்குப் பிறகு அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆபத்து அதில் நிறையவே இருந்தது. ஆனால் அது ஏலம் விடக்கூடிய சரக்கு, கழிவு அன்று. அத்தகைய சரக்குகளுக்கு வேறு விதிகள் உள்ளன.

படி 2: வேறு விதிகளுக்குள் போவதை ஒதுக்குங்கள்

சில கழிவுகள் எவ்வளவு கெடுதலானவையாக இருந்தாலும் இந்த விதிகளுக்குள் வாரா. குழாய்வழி வெளியேறும் கழிவுநீரும் புகைபோக்கிவழி வெளியேறும் வாயுவும் முறையே 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்துக்கும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்துக்கும் உரியவை. கதிரியக்கக் கழிவு அணுசக்திச் சட்டத்துக்கும், மருத்துவமனைக் கழிவு உயிரி மருத்துவக் கழிவு விதிகளுக்கும், ஊர்க் குப்பை திடக்கழிவு விதிகளுக்கும் போகின்றன. நம் பட்டறைப் பட்டியலில் பேட்டரிக்கு 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும், பாதரசம் உள்ள டியூப்லைட்டுக்கு மின்னணுக் கழிவு விதிகளும் இருக்கின்றன. உணவறைக் குப்பை மாநகராட்சிக்குச் சேரும். இவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

கழிவுநீரைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் உண்டு. நீர் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறது. அந்த நீரைச் சுத்திகரிக்கும்போது ஈடிபியில் படியும் கசடு உள்ளே வந்துவிடுகிறது. கரைந்திருந்த உலோகம் நீரிலிருந்து பிரிந்து திடப்பொருளாகும் அந்த இடத்தில்தான் ஒரு சட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது.

படி 3: எந்த வேலையிலிருந்து வந்தது என்று முதல் அட்டவணையில் தேடுங்கள்

விதிகளின் முதல் அட்டவணை 38 தொழில் செயல்முறைகளை வரிசையிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் வெளிவரும் அபாயகரக் கழிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இங்கே கேள்வி பிறப்பிடத்தைப் பற்றியது மட்டுமே. பார்வைக்கு எப்படி இருக்கிறது, நெடி அடிக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வாரா. பெயர் பட்டியலில் இருந்தால் அது அபாயகரக் கழிவு, அவ்வளவுதான்.

நம் பட்டறைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இயந்திரங்களில் மசகாகவோ ஹைட்ராலிக் அமைப்பிலோ பயன்பட்டு வடித்த எண்ணெய் 5.1 என்ற எண்ணில் வருகிறது. முலாம் பூசுதல், அமிலத்தில் கழுவுதல், எண்ணெய்ப் பிசுக்கு நீக்குதல் போன்ற உலோக மேற்பரப்பு வேலைகள் 12-ஆம் செயல்முறை. தீர்ந்த அமிலமும் காரமும் 12.2, சயனைடோ நச்சு உலோகமோ உள்ள தீர்ந்த தொட்டிக் கரைசலும் அதன் கசடும் 12.3, முலாம் உலோகக் கசடு 12.8. வேதிப்பொருள் ஒட்டியிருக்கும் காலி பேரல்களும் கேன்களும் 33.1. எண்ணெயும் வேதிப்பொருளும் துடைத்த பனியன் வேஸ்ட் 33.2. ஈடிபியில் சேரும் வேதிக் கசடு 35.3. பெயின்ட் அடிக்கும் பகுதி ஒன்று அங்கே இருந்து, பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியைக் கழுவிய தின்னர் மிஞ்சினால், கரைப்பான்களைப் பயன்படுத்தும் தொழில்களுக்கான 20-ஆம் செயல்முறையைப் பாருங்கள்.

ஒரே பச்சைநிறக் கசடுக்கு இரண்டு எண்கள் பொருந்துவதுபோலத் தோன்றும் இடங்கள் வரும். அது எங்கே சேர்ந்தது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்: முலாம் தொட்டியின் அடியிலிருந்து சுரண்டி எடுத்தது 12-க்குள் போகிறது, ஈடிபியின் வடிகட்டியில் பிழிந்தெடுத்தது 35.3-க்குப் போகிறது. இரண்டையும் ஒரே பேரலில் கொட்டிவிட்டு எண் தேடுவதுதான் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அது கணக்குக்கு மட்டும் கேடு அன்று. விதிகள் தரும் வரையறையே, ஒரு கழிவு தனியாகவோ பிற கழிவுகளோடும் பொருள்களோடும் சேரும்போதோ உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஆபத்து விளைவிக்குமா என்று கேட்கிறது. சயனைடு உள்ள முலாம் கரைசலில் அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்பட்டு ஆளைக் கொல்லும்; தனித்தனியே மூடி வைக்கும்வரை அந்த வாயு உண்டாவதில்லை.

முதல் அட்டவணையில் பெயர் வந்துவிட்டால் மீளவே முடியாதா என்று கேட்கலாம். முடியும். அட்டவணையின் குறிப்பே, சட்டத்தின்கீழ் ஏற்கப்பட்ட ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து, இரண்டாம் அட்டவணையின் வரம்புகளுக்குள் அது இருப்பதாக ஆலை நிரூபிக்கலாம் என்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு ஆலையினுடையது. நிரூபிக்கும்வரை அது அபாயகரக் கழிவாகவே நடத்தப்படும்.

அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் சாம்பல் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: உலர்சாம்பலும், பாஸ்போஜிப்சம், செஞ்சேறு, சுரங்கக் கழிவு போன்றவையும் அளவில் மிகுந்து பாதிப்பில் குறைந்தவை என்ற பெயரில் அபாயகரக் கழிவு வகையிலிருந்து விலக்கப்பட்டு, அவற்றுக்குத் தனி வழிகாட்டுதல்கள் என்று ஒதுக்கப்பட்டுள்ளன. மலைபோல் குவியும் ஒரு கழிவை இந்த விதிகளின் கடுமையோடு கையாள்வது நடைமுறையில் இயலாது என்ற கணக்கு இதில் இருக்கிறது. கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்த மீனவரிடம் ‘பாதிப்பில் குறைந்தவை’ என்ற சொற்றொடரைச் சொல்லிப் பாருங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

படி 4: பட்டியலில் இல்லையென்றால் மட்டும் இரண்டாம் அட்டவணைக்குப் போங்கள்

பட்டறையை விரிவாக்க அடித்தளம் தோண்டுகிறார்கள் என்றும், அந்த இடத்தில் முன்பு ஈய பேட்டரி பழுதுபார்க்கும் கடை இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். வெளியே வந்த மண் முதல் அட்டவணையில் இல்லை. அதைச் சாதாரண மண்ணாக லாரியில் ஏற்றலாமா என்று தீர்மானிக்க இரண்டாம் அட்டவணையின் ஏ, பி, சி என்ற மூன்று வகுப்புகள் உள்ளன. ஏ வகுப்பு நீரில் எவ்வளவு கசியும் என்றும், பி வகுப்பு மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்றும், சி வகுப்பு அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்றும் கேட்கின்றன.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஏ வகுப்புதான். இதன் முதல் பகுதிக்கான சோதனையை ஆய்வகங்களில் டிசிஎல்பி என்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1311-ஆம் முறையை நம் விதிகள் அப்படியே எடுத்துக்கொண்டுள்ளன. கழிவை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக்கி, அதன் எடையைப்போல் 20 மடங்கு நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசலில் இட்டு, சுமார் 18 மணிநேரம் சுழற்றி, வடிகட்டிய நீரில் உலோகத்தை அளக்கிறார்கள். அசிட்டிக் அமிலம் ஏன் என்றால், ஊர்க் குப்பை அழுகும்போது அப்படிப்பட்ட அமிலங்கள் உண்டாகின்றன. இந்தக் கழிவு குப்பைமேட்டில் போய் விழுந்து மழையில் நனைந்தால் நிலத்தடி நீருக்கு என்ன இறங்கும் என்பதைச் சோதனைக்குடுவையில் நடத்திப் பார்க்கிறார்கள். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளை அறிந்த சென்னைவாசிக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அப்படிக் கசிந்த நீரில் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஆர்சனிக் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2 என்ற அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அது அபாயகரக் கழிவு. இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இம்முறை அமெரிக்காவில் வகுக்கப்பட்டபோது குடிநீரில் ஈயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கசிவுநீர் கிணற்றைச் சேர்வதற்குள் நூறு மடங்கு நீர்த்துவிடும் என்று கொண்டு 5 என்று வைத்தார்கள்.

இதிலிருந்து செலவைக் குறைக்கும் ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. நம் மண்ணில் மொத்த ஈயம் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று ஆய்வறிக்கை சொன்னால், அது முழுவதும் கரைந்து, ஒரு கிலோ மண்ணுக்குச் சோதனையில் சேர்க்கும் 20 லிட்டரில் பரவினாலும் லிட்டருக்கு 4 மில்லிகிராமே வரும். 5-ஐத் தொட வழியே இல்லாததால் ஈயத்துக்காக டிசிஎல்பி சோதனை தேவையில்லை. மொத்தம் 100-ஐ எட்டிவிட்டால் சோதனை செய்தே ஆகவேண்டும்.

முலாம் தொழிலில் இருப்பவர்கள் ஏ வகுப்பின் பிற்பகுதியைத் தவறவிடக்கூடாது. லிட்டருக்கு நிக்கல் 20, செம்பு 25, துத்தநாகம் 250 மில்லிகிராம் என்ற வரம்புகள் அங்கே உள்ளன. அவற்றுக்கான முறை கலிபோர்னியா மாநிலத்தினுடையது, கரைசல் சிட்ரிக் அமிலத்தைச் சேர்ந்தது, விகிதம் 10 மடங்கு, நேரம் 48 மணி. எனவே நிக்கலுக்கு மேற்சொன்ன கணக்கைப் போடும்போது 20-க்குப் பதிலாக 10-ஆல் வகுக்க வேண்டும். ஆய்வகத்திடம் மாதிரியைக் கொடுக்கும்போது எந்தக் கூறுக்கு எந்த முறை என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் டிசிஎல்பி என்று வரும் அறிக்கை நிக்கலுக்கு உதவாது.

சி வகுப்பில் அடிக்கடி தேவைப்படுபவை நான்கு. தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி செல்சியசுக்குக் கீழ் உள்ள திரவம் எரியும் கழிவு. 24 விழுக்காட்டுக்கும் குறைவாக ஆல்கஹால் கலந்த நீர்க்கரைசலுக்கு இதில் விலக்கு உண்டு. பிஎச் 2 அல்லது அதற்குக் கீழோ, 12.5 அல்லது அதற்கு மேலோ இருந்தால் அரிக்கும் கழிவு. நீரோடு சேர்ந்து கொந்தளிப்பது, வெடிப்பது போன்றவை வினைபுரியும் கழிவு. நான்காவது நச்சுத்தன்மை. பிஎச் தாளால் பத்து நொடியில் முடியும் சோதனையை முதலில் செய்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

படி 5: துறைமுகம் வழி வந்தால் மூன்றாம் அட்டவணை

உள்ளூர்ப் பட்டறைக்கு இது தேவைப்படாது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வழியாகப் பழைய பொருள்களை இறக்குமதி செய்பவர்களுக்கு இதுவே முதல் படி. அபாயகரக் கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கையைத் தழுவிய மூன்றாம் அட்டவணை, முன் அனுமதியோடு வரக்கூடியவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆறாம் அட்டவணையில் உள்ளவற்றை இறக்குமதி செய்யவே கூடாது.

படி 6: முடிவை ஏட்டில் ஏற்றுங்கள்

ஒவ்வொரு கழிவுக்கும் அட்டவணை எண், ஆண்டுக்கு எத்தனை டன், அது மறுசுழற்சிக்கா எரியூட்டலுக்கா நிலத்தில் பாதுகாப்பாகப் புதைக்கவா என்ற மூன்றையும் எழுதி, படிவம் 1 வழியாக வாரியத்திடம் அங்கீகாரம் கேட்க வேண்டும். பழைய எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகும். புதைக்க வேண்டிய கசடைக் கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற பொது அகற்றல் நிலையத்துக்கு அனுப்பலாம். பட்டறையில் 90 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை உண்டாக்கும் சிறியவர்களுக்கும் வேறு சிலருக்கும் வாரியம் இதை 180 நாள்கள் வரை நீட்டிக்கலாம். பேரலின்மேல் படிவம் 8-இன்படி மழையில் அழியாத ஒட்டுச்சீட்டு வேண்டும். எச்சரிக்கை வாசகம் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதால், இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சிட்டதைக் கடையில் வாங்கி ஒட்டினால் போதாது. லாரி கிளம்பும்போது கழிவு கைமாறும் விவரச்சீட்டான படிவம் 10 உடன் செல்ல வேண்டும். முடிந்த நிதியாண்டுக்கான கணக்கைப் படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும்.

சயனைடு கரைசலை விட்டுச் சயனைடு இல்லாத கரைசலுக்கு மாறினாலோ, புதிய பெயின்ட் பிரிவைத் தொடங்கினாலோ, பழைய எண்களை அப்படியே நகலெடுக்காமல் படி 3-இலிருந்து மறுபடி தொடங்கி, மாறிய பட்டியலுக்கு ஏற்ப அங்கீகாரத்தைத் திருத்தக் கோரி விண்ணப்பியுங்கள்.