‘ரெண்டாம் நம்பர் திரை’ எது? மானிட்டர்களை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் ஒரே கணினி, இரண்டு திரை. கடைக்காரர் பக்கத் திரையில் இருப்பும் கொள்முதல் விலையும் இருக்கும். வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த திரையில் எடை, அன்றைய வெள்ளி விலை, செய்கூலி, மொத்தத் தொகை மட்டும் தெரியும். கரண்ட் போய் வந்த பிறகு இரண்டு ஜன்னல்களும் திரை மாறித் திறந்தால், கடைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது எதிரில் நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

இதற்குப் பெரும்பாலும் காரணம், எந்தத் திரை என்பதை எண்ணாகச் சேமித்து வைப்பதுதான். விண்டோஸில் நிரலுக்குக் கிடைக்கும் ‘டிஸ்ப்ளே1’, ‘டிஸ்ப்ளே2’ ஆகியவை மானிட்டரின் பெயர்கள் அல்ல. கிராஃபிக்ஸ் கார்டின் வெளியீடுகளுக்கு விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட எண்கள் அவை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தாலோ, கேபிளை வேறு போர்ட்டில் செருகினாலோ மாறிவிடலாம். செட்டிங்ஸில் ‘ஐடென்டிஃபை’ பொத்தானை அழுத்தினால் திரையில் பெரிதாக வரும் எண்ணும் இந்த எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. “அண்ணா, ரெண்டாம் நம்பர் திரையை எடுங்க” என்று போனில் நாம் சொல்ல, அவர் எடுப்பது வேறொன்றாக இருக்கும்.

லினக்ஸில் எண்ணுக்குப் பதில் போர்ட்டின் பெயர் கிடைக்கிறது. அது நிலையானது என்று நம்பிவிடுவது அடுத்த தவறு. அந்தப் பெயரை வைப்பது டிரைவர். ஒரே எச்டிஎம்ஐ சாக்கெட் ஒரு டிரைவரில் ‘எச்டிஎம்ஐ-1’, என்விடியாவின் டிரைவரில் ‘எச்டிஎம்ஐ-0’, ஏஎம்டியின் எக்ஸ் டிரைவரில் ‘எச்டிஎம்ஐ-ஏ-0’. லாகின் செய்யும்போது, லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-க்குப் பதில் புதிய அமைப்பான வேலண்டைத் தேர்ந்தெடுத்தாலே ‘எச்டிஎம்ஐ-1’ என்பது ‘எச்டிஎம்ஐ-ஏ-1’ ஆகிவிடலாம். கணினி மாறவில்லை, கேபிள் மாறவில்லை; ஆனாலும் சேமித்த அமைப்பு வேலை செய்யாது. மேக்கில் வேறொரு குழி இருக்கிறது. திரைகளைப் பற்றிய விவரம் தரும் என்எஸ்ஸ்கிரீன் என்ற நிரல் வகுப்பின் ‘மெயின்’ என்பதை முதன்மைத் திரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கீபோர்டின் கவனம் அப்போது எந்த ஜன்னலில் இருக்கிறதோ அந்த ஜன்னல் உள்ள திரை. முதன்மைத் திரை வேண்டுமென்றால் திரைப் பட்டியலில் முதலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, மானிட்டரின் உண்மையான பெயர் எங்கே இருக்கிறது? மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994-ல் வகுத்த ஈடிஐடி என்ற சின்னத் தரவுத் தொகுப்பை ஒவ்வொரு மானிட்டரும் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கிறது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட். தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, மாடல் எண், வரிசை எண், தயாரித்த வாரம், ஆண்டு எல்லாம் அதில் உண்டு. நாம் பார்த்துப் புரிந்துகொள்ளும் பெயருக்கு ஒதுக்கிய இடம் 13 எழுத்துதான். அந்த மூன்றெழுத்துக் குறியீட்டை அப்படியே பயனருக்குக் காட்டாதீர்கள். டெல்லுக்கு ‘டிஇஎல்’ என்று இருப்பது புரியும். எல்ஜி மானிட்டரில் வருவது ‘ஜிஎஸ்எம்’. கோல்ட்ஸ்டார் என்ற பழைய பெயரின் சுருக்கம். கடைக்காரருக்கு அதை வைத்து ஒன்றும் விளங்காது.

விண்டோஸில் இந்தப் பெயரை எடுக்கப் பலரும் முதலில் போவது எனும்டிஸ்ப்ளேடிவைசஸ் என்ற ஃபங்ஷனுக்கு. அதில் பெரும்பாலும் இரண்டு திரைக்குமே ‘ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்’ என்றுதான் வரும், ஏனென்றால் அது மானிட்டர் டிரைவரின் பெயர். குவெரிடிஸ்ப்ளேகான்ஃபிக் என்ற ஃபங்ஷன் வழியாகப் போய், ஒவ்வொரு இலக்குக்கும் (அதாவது இணைத்திருக்கும் மானிட்டருக்கும்) அதன் ‘ஃப்ரெண்ட்லி’ பெயரைக் கேட்டால்தான் ஈடிஐடியில் உள்ள மாடல் பெயர் கிடைக்கும். மேக்கில் 10.15 கேட்டலினாவிலிருந்து என்எஸ்ஸ்கிரீனின் ‘லோக்கலைஸ்ட்நேம்’ போதும். லினக்ஸில் கர்னல் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூல ஈடிஐடியையே கோப்பாகத் தருகிறது. எல்லா இயங்குதளத்துக்கும் மென்பொருள் எழுத உதவும் க்யூட்டி என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 5.9 பதிப்பிலிருந்து தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் மூன்றும் அதன் க்யூஸ்கிரீன் வகுப்பிலேயே உண்டு.

பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கடைக்கு வாங்கும்போது ஒரே மாடலில் இரண்டு மானிட்டராக வாங்குவதுதான் வழக்கம். இரண்டுமே ‘டெல் பி2419எச்’ என்று வந்தால் பயனர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வரிசை எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றால், மலிவான மானிட்டர்களில் அது பூஜ்ஜியமாக இருக்கும். அல்லது 16843009 என்று எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். நான்கு பைட்டிலும் 01 என்று நிரப்பிவிட்டால் வருகிற எண் அது. மடிக்கணினியின் சொந்தத் திரையில் பெயருக்கான இடமே பல சமயம் காலியாக இருக்கும். அங்கே வெற்று வரியைக் காட்டாமல் ‘மடிக்கணினித் திரை’ என்று நாமே எழுதிவிடலாம். நடுவில் ஒரே படத்தைப் பல திரைக்குப் பிரித்து அனுப்பும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் சில நேரம் மானிட்டரின் ஈடிஐடிக்குப் பதில் ஸ்ப்ளிட்டரின் ஈடிஐடி வரும்.

ஆகவே கண்ணுக்குக் காட்டும் பெயரும் கோப்பில் சேமிக்கும் அடையாளமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சேமிப்பதில் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், போர்ட் நான்கையும் வையுங்கள். திரும்பத் தேடும்போது நான்கும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் போர்ட்டை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள். அப்போதும் இரண்டு திரை பொருந்தினால் நீங்களாக ஊகிக்காமல் பயனரைக் கேளுங்கள். கேட்கும் விதம் எளிது: ஒவ்வொரு திரையிலும் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் சில விநாடி காட்டி, ‘வாடிக்கையாளர் பக்கம் இருப்பது எது?’ என்று கேட்டால் கல்லாவில் புதிதாகச் சேர்ந்தவரும் சரியாகச் சொல்லிவிடுவார். பட்டியலில் ‘இடது’, ‘வலது’ என்று சேர்த்துக் காட்டுவதும் நல்லது. ஆனால் இட வலத்தை அடையாளமாகச் சேமிக்காதீர்கள், செட்டிங்ஸில் திரைகளை இழுத்து வைத்தால் அது மாறிவிடும். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இருக்கும் திரையின் கிடைமட்ட ஆயம் (இடத்தைக் குறிக்கும் எண்) எதிர்மறை எண்ணாக வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்; பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் பிழை என்று தள்ளிவிடும் நிரல்கள் இன்னும் இருக்கின்றன.

இதைவிட நல்லது, பயனரே பெயர் வைக்க விடுவது. ‘கல்லா’, ‘கஸ்டமர்’, ‘குடோன்’ என்று அவர் புழங்கும் பெயரிலேயே இருந்தால் போனில் வழி சொல்வதும் சுலபம். தமிழில் பெயர் வைப்பார்கள் என்பதை எதிர்பார்த்தே எழுதுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்து முறையில் இயங்கும் விண்டோஸின் பழைய ஆன்சி வகை ஃபங்ஷன்களில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

அப்புறம் இன்னொரு தவறு, திரைப் பட்டியலை மென்பொருள் தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் எடுப்பது. ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறையை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போகிறது. கணினி யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, சுவரில் இருக்கும் டிவிக்கு அந்த இணைப்பு இல்லை. டிவி அணைந்ததும் இயங்குதளம் அந்தத் திரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்; அதிலிருந்த ஜன்னல் முதன்மைத் திரைக்குத் தாவும். மின்சாரம் வந்த பிறகும் மென்பொருளிடம் இருப்பது பழைய பட்டியல் என்றால் அந்த ஜன்னல் அங்கேயே கிடக்கும், அறை வாடகை காட்ட வேண்டிய டிவி வெறுமையாக இருக்கும். திரை மாறியதைச் சொல்லும் அறிவிப்பு எல்லா இயங்குதளத்திலும் உண்டு. அதைக் கேட்டுப் பட்டியலைப் புதிதாக எடுத்து, டிவி திரும்பி வந்ததும் ஜன்னலை அங்கே அனுப்புங்கள். குறித்து வைத்த திரை கிடைக்காதபோது கொலுசுக் கடையின் கொள்முதல் ஜன்னலை மட்டும் ‘இருக்கிற திரையில்’ திறக்க விடாதீர்கள். கடைக்காரர் எந்தத் திரை என்று சொல்லும்வரை அது மூடியே இருக்கட்டும்.