முற்றுப்பெறாத பாட்டும் முந்திக்கொண்ட மெட்டும்

சென்ற மாதம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் மறைந்த பாட்டுக்காரர் ஒருவரின் நோட்டு. பாதியில் நின்ற பாட்டுகளுக்கு மூன்றே நாளில் மெட்டுப் போட்டுவிட்டாராம். அவர் பாடப் பாட, என் பழைய பிழைகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து உட்கார்ந்தன. சுருதி, தாளத் தவறுகளை உங்கள் ஆசிரியரே திட்டித் தீர்த்திருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். மறைந்தவர் பாட்டுக்கு மெட்டுப் போடும்போது நேரும் மற்றப் பிழைகள் இவை.

மூலத்தைத் 'திருத்துவது'

மண்டபம் பக்கத்து வடகடல் (பாக் விரிகுடா) கிராமத்துக்காரர் ஒருவரின் நோட்டு எனக்குக் கிடைத்தது. அதில் ஓர் அடி: 'சோழகம் வந்தது வாசலிலே'. அடுத்த அடி 'வத்தையைத் தள்ளுவோம்' என்பதோடு நின்றிருந்தது. வத்தை என்றால் படகு. மனிதர் நோயில் கிடந்தபோது எழுதியது, கை நடுங்கி ஓர் எழுத்து கூடிவிட்டது என்று நானே முடிவுகட்டி, 'சோகம்' என்று மாற்றினேன். சந்தம் உடனே இடறியது. சோழகம் கூவிளம் (நேர் நிரை), சோகம் தேமா (நேர் நேர்). நிரை இருந்த இடத்தில் நேர் வந்துவிடுகிறது. பாட்டே கையைப் பிடித்து நிறுத்தியும் நான் நிற்கவில்லை. 'சோ'வை இழுத்துச் சரிக்கட்டினேன். சுபபந்துவராளி ராகத்தில் அழவைத்தேன். சோகம் வந்த வீட்டில் எதற்கு வத்தையைத் தள்ளுகிறார்கள்? அதற்கும் ஒரு தத்துவ விளக்கம் வைத்திருந்தேன். மதுரையில் ஒலிப்பதிவு, வயலினுக்குத் தனிச் சம்பளம், எல்லாம் கைக்காசு.

முதலாண்டு நினைவு நாளில் ஒலிக்கவிட்டோம். அவர் மனைவி கேட்டார்: "தம்பி, சோழகம் அடித்தால் எங்கள் கடல் தணிந்துவிடும், தொழிலுக்குப் போகலாம். அதற்கு ஏன் இப்படி அழுகிறீர்கள்?"

சோழகம் தென்காற்று. தென்கடலை (மன்னார் வளைகுடா) கிளப்பிவிடும் அதே காற்று வடகடல்காரருக்கு நல்ல நாள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர் எல்லாம் தெரியும் என்று மேடையில் பேசியவன் நான். மறுபடி பதிவு செய்ய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இன்றும் அந்த 'சோகம்' காதில் விழுந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

வெற்றிடத்தை நிரப்புவது

கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிறு பிடித்தவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிக்கொள்வார்கள். அம்பா என்னும் அந்தக் கடல்பாட்டுப் பழக்கத்தில் வளர்ந்தவர் நோட்டில் விட்ட இடம் மறதியாக இருக்க வேண்டியதில்லை. அங்கே கயிறு பிடிக்கும் ஆட்கள் நிற்கிறார்கள்.

ராகத்தை முதலில் தேர்வது

பத்து முறை வாய்விட்டுப் படிக்கும் வரை ஆர்மோனியத்தைத் திறக்காதீர்கள்.

மூத்த மகனிடம் மட்டும் கேட்பது

எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். மெட்டுப் போட, சொல் சேர்க்க, இரண்டுக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக வெளியாகும் பாட்டுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. நோட்டு பெட்டியில் நெடுநாள் கிடந்தது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

மூல நோட்டிலேயே எழுதுவது

தம்பியின் நோட்டில் பென்சிலில் சில அடிகள் இருந்தன. இவற்றில் உங்களுடையது எது என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், திரும்பவும் புரட்டினார்.