படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில்

ஓவியம் படிக்கிற மாணவி நான், எழுதவும் பிடிக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: படத்தில் இருப்பதையே எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள்.

ஒரு பழைய குடையை வரைகிறீர்கள் என்று வையுங்கள். வளைந்த கம்பி, பிரிந்து தொங்கும் துணி, கைப்பிடியின் தேய்மானம் எல்லாம் கோட்டிலேயே வந்துவிடும். அதன் கீழே ‘கிழிந்த குடை’ என்று எழுதி என்ன லாபம்? விரிக்கும்போது எழும் ‘க்ரீச்’ சத்தம், ஈரத்துணியின் வாடை, அதை இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தர எடுத்துக்கொண்ட காலம்... இதையெல்லாம் கோடு காட்டாது. அதை எழுதுங்கள்.

எழுத்துக்கான இடத்தைப் பென்சிலால் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் மூலையில் இடுக்கி எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் (1757–1827) கவிதையையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் பொறித்தே அச்சிட்டார், அதுவும் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதி! நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

அப்புறம், வாட்டர்கலர் பூசுவதாக இருந்தால் நீரில் கரையாத மையால் எழுதி நன்றாகக் காயவிடுங்கள். கரைகிற மை என்றால் வண்ணத்தோடு சேர்ந்து ஓடிவிடும்.

எது முதலில்? எனக்குப் படம்தான். எழுத ஆரம்பித்துவிட்டால் கை வரைய மறுக்கிறது. சிலருக்கு நேர்மாறாக இருக்கும். ஒரே பொருளை இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.