வலது கையில் மாவுக்கட்டா? அந்த 6 வாரத்தை ஓட்டுவது எப்படி

வழுக்கி விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம். மணிக்கட்டு எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் முறிந்தது. எலும்பு சேர 5, 6 வாரம் ஆகும் என்று சொல்லி மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். குளிப்பது, சாப்பிடுவது, ஜாக்கெட் போடுவது எல்லாம் எப்படி என்று வீட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம். அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும், அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் சில நாள் வீக்கத்தைக் கவனியுங்கள்

அடிபட்ட கையிலிருக்கும் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்றவே முடியாது. கை நெஞ்சு உயரத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. படுக்கும்போது இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் வையுங்கள். வெள்ளை மாவுக்கட்டு உள்ளே வரை காய 2, 3 நாள் ஆகும், அதுவரை எதன்மீதும் அழுத்தி ஊன்றாதீர்கள்.

விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்துப்போனால், மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், கட்டு இறுக்குகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. விரலையும் தோளையும் சும்மா விடாதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கட்டு போட்ட கையை அசைக்கவே கூடாது என்று நினைத்து முதல் 10 நாள் நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். விளைவு, எலும்பு சேர்ந்த பிறகும் விரல் மடங்கவில்லை, தலைக்குமேல் கை தூக்க முடியவில்லை, அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. கட்டு மணிக்கட்டுக்குத்தான், அதற்கு வெளியே இருக்கும் விரலுக்கும் தோளுக்கும் இல்லை.

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை விரல்களை முழுதாக மடக்கி, முழுதாக நீட்டி, 10 முறை செய்யுங்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள். முழங்கைக்குக் கீழே மட்டும் கட்டு என்றால் முழங்கையையும் மடக்கி நீட்டலாம். தோளை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது மேலே தூக்குங்கள். வலி கூடாத அளவில் பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது மாதிரி சின்ன வேலைகளுக்கு அந்த விரல்களைப் பழக்குங்கள், அதுவே நல்ல பயிற்சி.

3. குளியல்

கட்டின் மேல் விளிம்பில் ஒரு சின்னத் துண்டைச் சுற்றி, பாலித்தீன் கவரை மாட்டி டேப் ஒட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கவர் போட்டாலும் தண்ணீர் இறங்கும் என்றே நினைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை பக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் தூக்கிவைத்து, இடது கையால் மொண்டு ஊற்றுங்கள். தலைக்குக் குளிக்க மட்டும் ஒருவர் உதவி வேண்டும், அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

4. உடை

போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். இது பிடிபட்டுவிட்டால் பாதி அவஸ்தை போய்விடும். ஜாக்கெட் கை கட்டுக்குமேல் ஏறாது. நான் இரண்டு பழைய சுடிதார் டாப்ஸின் கைத் தையலைப் பிரித்துவிட்டு அதையே மாற்றி மாற்றிப் போட்டேன்.

5. சாப்பாடு, அடுப்படி

இடது கையால் சாப்பிட மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள், சாதத்தைக் கொஞ்சம் குழைவாக வடிக்கச் சொல்லுங்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. புகைபிடிப்பவர்கள் இப்போதாவது நிறுத்துங்கள், எலும்பு சேர்வதை அது தாமதப்படுத்தும்.

கஞ்சி வடிப்பது, குக்கரை இறக்குவது, அரிவாள்மணை மூன்றும் வேண்டவே வேண்டாம், எல்லாம் இரண்டு கை வேலை.

6. அரிப்பு

மூன்றாவது வாரம் தொடங்கும்போது உயிர் போகும். ஈர்க்குச்சி, சீப்பு, பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள், கீறல் விழுந்து சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. கட்டின்மேல் லேசாகத் தட்டுங்கள், ஃபேன் காற்றில் உட்காருங்கள். உள்ளிருந்து நாற்றம் வந்தால் உடனே காட்டுங்கள்.

7. கட்டுப் பிரித்த பிறகு

கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, பார்க்கவே பயமாக இருக்கும். பயப்படாதீர்கள், சரியாகிவிடும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட யாராவது வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லிக்கொடுத்த மாதிரி மணிக்கட்டை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். அப்புறம் டம்ளர் தூக்கலாம், கைக்குட்டை பிழியலாம். தண்ணீர்க் குடமும் மாவுப் பாத்திரமும், அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில்.