குழந்தைகளுடன் மலையில் ஓர் இரவு: முதன்முறை கூடாரம் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று முதன்முறை கிளம்பும் குடும்பத்தின் பையைத் திறந்து பாருங்கள். கிரிக்கெட் மட்டை இருக்கும், சிப்ஸ் பொட்டலங்கள் இருக்கும், வெயில் கண்ணாடி, பாட்டுக் கேட்க ஸ்பீக்கர், ஆளுக்கு நான்கு சட்டை எல்லாம் இருக்கும். விளக்கு எங்கே என்று கேட்டால், கைபேசியில் இருக்கிறதே என்பார்கள். அத்தனையும் பகலுக்கான சாமான். டிசம்பரில் மலைப்பக்கம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மறுபடி வெளிச்சம் வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். குளிர், மழை, பூச்சி, பயம், சிறுநீர் என்று குழந்தைகளை வைத்துக்கொண்டு பெற்றோர் படும் பாடெல்லாம் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான். அதற்குத் தயாராகாமல் போவதுதான் அடிப்படைத் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து பிறக்கின்றன.

எங்கே போடுவது?

இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து இடத்தை முடிவுசெய்கிறார்கள். மலை விளிம்பில் ஒற்றைக் கூடாரம், கீழே மேகம், உள்ளே மஞ்சள் வெளிச்சம். படத்தை எடுத்தவர் இரவு அங்கேயே தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. விளிம்பில் காற்று நேராக வந்து அறையும். தூக்கக் கலக்கத்தில் எழுந்துபோகும் ஐந்து வயதுக் குழந்தைக்கு நிலம் எங்கே முடிகிறது என்று தெரியாது.

காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் பொது இடம் என்று நினைப்பது இன்னொன்று. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும்; நீங்கள் உள்ளே இருப்பது வனத்துறைக்குத் தெரியாவிட்டால், ஆபத்து வரும்போது உங்களைத் தேடி யார் வருவார்கள்? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும் காலம். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது என்று ஏப்ரலில் குழந்தைகளோடு புல்மேட்டில் கூடாரம் போடத் திட்டமிடுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். காட்டுக்குள் நடக்கத்தான் ஆசை என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். பகலில் அங்கே நடந்துவிட்டு, இரவுக்குத் தனியார் இடத்துக்கு வந்துவிடலாம்.

தனியார் இடம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2021 ஜனவரியில் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். பணம் கட்டுமுன் உரிமையாளரிடம் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, யானை நடமாட்டம் உண்டா, இரவில் காவலுக்கு ஆள் இருக்கிறாரா, கார் கூடாரத்துக்கு எவ்வளவு பக்கம் வரும்? இந்தக் கேள்விகளுக்கு மழுப்புகிற இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு ஏலகிரி, ஏற்காடு போன்ற உயரம் குறைந்த மலையில், கழிப்பறையும் கார் நிறுத்தமும் உள்ள ஒரு தோட்டம் போதும் என்பேன். ஒரே ஓர் இரவு. அதற்குமேல் வேண்டுமா என்பதைக் குழந்தைகளே மறுநாள் காலை சொல்லிவிடுவார்கள்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் எந்த மூலையில் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. மணலும் கூழாங்கல்லுமாகச் சமமாகத் தெரியும் ஓடைப்படுகை ஆசை காட்டும். ஒதுங்கிவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமலே, மேலே மலையில் பெய்த மழை வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. மரத்தடியில் போடுவதாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள்; காய்ந்த கிளை எதுவும் தொங்கக் கூடாது. பலா பழுத்திருக்கும் பருவத்தில் பலா மரத்தின் பக்கமே வேண்டாம். அந்த வாசனை யானைக்கு நம்மைவிட முன்பே தெரிந்திருக்கும்.

இருட்டிய பிறகு போய்ச் சேராதீர்கள்

காலை பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் கோயில், சாப்பாடு, அருவி எல்லாம் பார்த்துவிட்டு மாலை ஆறரைக்குப் போய் நிற்பது நம் ஊர்ப் பழக்கம். கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் குழந்தையோடு கூகுள் வரைபடம் சொல்லும் நேரத்தில் யாரும் மலையேற முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு வேண்டும். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியைத் தட்டினால் அங்கே அரைமணி போகும். மூன்று மணிக்குள் சேர்ந்துவிட்டால் கூடாரம் போட, கழிப்பறைக்கு வழி பார்க்க, குழந்தைகள் இடத்தோடு பழக வெளிச்சம் இருக்கும்.

கூடாரம்

பெட்டியில் ‘நான்கு பேருக்கு’ என்று எழுதியிருப்பது நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டி, பை எதுவுமின்றிப் படுக்கும் கணக்கு. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றால் ஆறு பேர் கூடாரம் பாருங்கள். வாங்கியதும் மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒருமுறை விரித்துக் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கம்பி குறைகிறது, ஜிப் சிக்குகிறது என்பதெல்லாம் வீட்டில் தெரிந்தால் கடைக்குத் திருப்பி அனுப்பலாம். மலையில் தெரிந்தால் காரில்தான் தூங்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று அடியில் விரிக்கும் தார்ப்பாய். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கூடாரத்தைவிட இரண்டு அடி அகலமாக விரித்துவிடுவார்கள். மழை வந்தால் மேலுறையில் வழியும் தண்ணீர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தார்ப்பாயில் விழுந்து, அப்படியே சரிந்து கூடாரத்தின் அடிக்குப் போகும். அரைமணி நேரத்தில் படுக்கை நனைந்துவிடும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட நான்கு விரல் உள்ளடங்கி இருக்கட்டும், பெரிதாக இருந்தால் மடித்து உள்ளே தள்ளுங்கள். முளைகளை நட்டுக்குத்தாக அடிக்காமல், தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்தால் காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வராது.

மழையே இல்லாமல் விடிகாலையில் உட்சுவர் நனைந்திருந்தால், அது உங்கள் மூச்சு. குளிருக்குப் பயந்து காற்றுப் புழையை எல்லாம் இறுக்கி மூடியதன் பலன். மேலே ஒரு திறப்பாவது இருக்க வேண்டும்.

குளிர் கீழிருந்து வருகிறது

இதைத்தான் முதன்முறை போகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். ஊட்டியில் அந்த மாதங்களில் உறைபனியே விழுகிறது. சமவெளியில் இருந்து போகிறவர்கள் இதற்காக மேலே போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி கொண்டுபோகிறார்கள். கீழே ஒற்றை ஜமுக்காளம். இரவு இரண்டு மணிக்கு முதுகு சில்லிட்டு விழிப்பு வரும். மூன்றாவது கம்பளியைப் போர்த்தினாலும் தீராது, ஏனென்றால் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது ஈரத் தரை. ஸ்லீப்பிங் பேக்கிலும் இதே கதைதான்: உடம்பு அழுத்தும் அடிப்பக்கத்தில் பஞ்சு நசுங்கிப்போவதால் அங்கே சூடு நிற்காது. யோகாவுக்கு விரிக்கும் தடித்த ஃபோம் பாய் ஆளுக்கொன்று போட்டு, அதன்மேல் ஜமுக்காளத்தை விரியுங்கள். கம்பளி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்கில் குழந்தையைப் படுக்கவைத்தால் கால்பக்கம் பாதி காலியாகக் கிடக்கும். அந்தக் காற்றையும் சேர்த்துக் குழந்தையின் உடம்புதான் சூடாக்க வேண்டும். கால் எட்டும் இடத்துக்குக் கீழே மடித்து, ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போதும். படுக்குமுன் உள்ளாடை முதல் காலுறை வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பகல் முழுக்க ஓடியாடிய வியர்வை பருத்தித் துணியில் அப்படியே இருக்கும். தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும், இரவில் குளிரும். தலைக்குக் குரங்குக்குல்லா. அழகாக இல்லை என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் அப்பா முதலில் போட்டுக்காட்டினால் வேலை நடக்கும்.

குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ கங்கு நிரப்பிய சட்டியையோ கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. எரிந்து அடங்கியதுபோல் தோன்றும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, இருமல்கூட வராது. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இப்படி இறந்த செய்தி வந்திருக்கிறது. கூடாரம் அறையைவிடச் சிறியது. காஸ் அடுப்பையும் வெளியிலேயே வைத்துச் சமையுங்கள். கூடாரத் துணி தீப்பிடித்தால் உருகி ஒட்டும்.

குழந்தைகளும் இருட்டும்

ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டார்ச் வாங்குங்கள், தலையில் மாட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது. தன் கையில் விளக்கு இருக்கும் குழந்தைக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. விளையாடியே பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள் என்பதால் கூடுதல் பேட்டரி உங்கள் பையில் இருக்கட்டும். கழுத்தில் ஒரு விசிலும் மாட்டுங்கள். வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதவேண்டும் என்று பகலிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடலாம். எல்லையும் பகலில்தான் காட்ட வேண்டும்: இந்தப் பாறை, அந்த வேலி, இதைத் தாண்டக் கூடாது. தூங்குமுன் ஒன்பது மணி வாக்கில் எல்லோரையும் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போனால் இரண்டு மணி அழுகை குறையும்.

பேய்க்கதை சொல்வதென்றால் உங்கள் துணிச்சல். விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கப் போவதும் நீங்கள்தான்.

சாப்பாடு

மலையில் பிரியாணி சமைப்பதாகத் திட்டமிட்டு, இருட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, பத்து மணிக்குப் பசியில் தூங்கிப்போன குழந்தைகளை எழுப்பும் குடும்பங்கள் நிறைய. முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே புளியோதரையோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ எடுத்துப்போவதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது, இரண்டும் கெடாது. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் வேண்டாம். அங்கே பால் காய்ச்சினாலே பிள்ளைகளுக்குச் சமையல் செய்த சந்தோஷம் வந்துவிடும்.

மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட. பகலில் குரங்கு, இரவில் காட்டுப்பன்றி, சில இடங்களில் கரடி, எல்லாவற்றுக்கும் மூக்கு உண்டு. காருக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். காட்டெருமை பக்கத்தில் மேய்ந்தால் கைபேசியைத் தூக்கிக்கொண்டு போகாமல் விலகிவிடுங்கள். சாதுவாகத் தெரியும் அந்த விலங்கு மிரண்டால் மனிதர் தாங்கமாட்டார்.

பாம்பும் மருந்துப் பையும்

வெட்டவெளியில் பாய் விரித்துத் தூங்குவதைவிட, ஜிப் முழுக்க மூடிய கூடாரம் எவ்வளவோ மேல். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல் என்றுதான் வெளிப்படும். அதனால் ‘ஒரு நிமிடம்தானே’ என்று ஜிப்பைத் திறந்துவிட்டுப் போவது கூடாது. செருப்பும் ஷூவும் உள்ளே இருக்கட்டும். வெளியே விட்டிருந்தால் தட்டி உதறிப் போடுங்கள், தேள் இருக்கலாம். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் செய்ய வேண்டாம். கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108ஐ அழைக்கச் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்பதைப் போய்ச் சேர்ந்ததுமே விசாரித்து வைப்பது நல்லது.

மருந்துப் பையில் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பஞ்சு, பிளாஸ்திரி, குழந்தைக்கு வழக்கமாகத் தரும் மருந்து இவை போதும். மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போனால் அட்டை கட்டாயம் ஏறும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் விழுந்துவிடும், அலற வேண்டியதில்லை.

கிளம்பும்போது

குப்பையை மலையிலேயே விட்டுவிட்டு வருவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, டயப்பரைத் தவிர. அதைப் புதைத்தால் நாயும் பன்றியும் தோண்டியெடுக்கும், எரித்தால் எரியாது. இறுக மூடும் டப்பா ஒன்று கொண்டுபோய், அதில் போட்டு ஊருக்கே எடுத்துவந்துவிடுங்கள்.

காலையில் பனியில் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து பரண்மேல் போடுவது கடைசித் தவறு. அடுத்த விடுமுறைக்கு எடுத்தால் பூஞ்சை பிடித்து நாறும். வந்த அன்றே பிரித்து, கொடியில் நிழலாக ஒருநாள் முழுக்கக் காயப்போடுங்கள். அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சோப்புத்தூள் போட்டுத் துவைத்தால் மழைநீரைத் தடுக்கும் பூச்சும் சேர்ந்து போய்விடும்.