தூசி படியாத சான்றிதழ் போதாது: நூலக வேலைக்குக் கைப்பழக்கம் சேர்ப்பது எப்படி?

மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாசகர்கள் எட்டிப் பார்க்காத அறை அது. வந்திறங்கும் புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது, வகை எண் போடுவது, கணினியில் விவரம் சேர்ப்பது, முதுகில் சீட்டு ஒட்டுவது, கிழிந்ததைத் தைப்பது எல்லாம் எங்கள் மேசையில்தான் நடக்கின்றன. வேலை விளம்பரங்களில் இதற்கு ஒரே பெயர் இருக்காது. நூலக உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர், நூலகப் பயிற்சியாளர் என்று இடத்துக்கு இடம் மாறும். பெயரைப் பார்த்து ஒதுங்காமல், கீழே எழுதியிருக்கும் பணி விவரத்தைப் படியுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளிடம் சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளை, 1931இல் அவை நூலாக வந்தது உட்பட, மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். மேசையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வைத்து, "இதற்கு எண் போடுங்கள், ஆசிரியர் பெயரைப் பட்டியலில் எப்படிக் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்" என்றால் பேனா நகராது. "எனக்குப் புத்தகம் என்றால் உயிர்" என்ற பதில் வரும். நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தில் படிப்பதற்கு இங்கே யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பு, பட்டம் பெற்றவருக்கு ஓராண்டு இளநிலைப் படிப்பு, அதற்கு மேல் முதுநிலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. அஞ்சல் வழியில் படிப்பவர்கள் வகைப்படுத்தல், பட்டியலாக்கம் ஆகிய செய்முறைத் தாள்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். வேலை கொடுப்பவர் கேட்பது அந்த இரண்டையும்தான்.

எந்த நூலகத்தின் கதவைத் தட்டுவது?

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கட்டாயம் போங்கள். குழந்தைகள் பகுதியை எப்படி அமைத்திருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஏற்பாடு, வழிகாட்டிப் பலகைகள் எங்கே தொங்குகின்றன என்று குறிப்பெடுங்கள். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆனால் கைப்பழக்கத்துக்கு இவை முதல் இடமல்ல. பெரிய நூலகத்தில் வேலை பகுதி பகுதியாகப் பிரிந்து கிடக்கும். போய்ச் சேர்ந்தால், நாள் முழுக்க ஒரே வேலைதான் கிடைக்கும்.

சின்ன நூலகம்தான் நல்ல வாத்தியார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ போதும். ஒரே நூலகர் எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார், உங்களை ஒதுக்கி வைக்க அவருக்கு வழியே இருக்காது. பள்ளி நூலகம், வாசக சாலை, 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டிய நூலகங்கள் ஆகியவற்றையும் விசாரியுங்கள். பல இடங்களில் புத்தகம் இருக்கிறது, ஒழுங்குபடுத்த ஆள் இல்லை.

கேட்கும் விதம் முக்கியம். "பயிற்சி தருவீர்களா?" என்று போனால், தங்கள் தலையில் இன்னொரு சுமை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். "ஐயா, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வந்து தமிழ் நாவல் அடுக்கை வரிசைப்படுத்தித் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அரசு நூலகம் என்றால் நூலகர் தாமாக முடிவெடுக்கத் தயங்குவார். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதி, கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்துக் கொடுங்கள். பதில் வரும்வரை அந்த நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டங்களுக்குப் போய்வாருங்கள். நாற்காலி எடுத்துப் போடுகிறவரை நூலகர் மறக்க மாட்டார்.

அடுக்கும் பதிவேடும்

முதலில் கிடைப்பது அடுக்கு வேலையாகத்தான் இருக்கும். அதை அற்பமாக நினைக்காதீர்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசம முறையில் தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. இப்போது 894.82 என்ற எண்ணும் 894.8113 என்ற எண்ணும் கையில் இருந்தால் எது முன்னே வரும்? இலக்கங்கள் கூடுதலாக இருப்பதால் 8113தான் பெரியது என்று வைப்பவர்கள் ஏராளம். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 894.8113தான் முன்னே. நேர்முகத்தில் கலைந்த பத்துப் புத்தகங்களைக் கொடுத்து அடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். ஐந்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண், குறிப்பு என்று கட்டங்கள் இருக்கும். இது சொத்துக் கணக்கு. தணிக்கைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். எண்ணின் மேல் எண் எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறினால் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் திருத்தி, பொறுப்பாளரின் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அதே சேர்க்கை எண்ணைப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், அந்த நூலகம் முடிவு செய்திருக்கும் இரகசியப் பக்கத்திலும் எழுதி முத்திரை வைப்பார்கள். முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் போட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? உங்கள் நூலகத்தின் இரகசியப் பக்கம் எது என்பதை வெளியே யாரிடமும் சொல்லித் திரியாதீர்கள்.

எண் போடப் பழக மதுரையே போதும்

டூயியின் முதல் மூன்று இலக்கச் சுருக்கப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுத் தொகுதிகள் கல்லூரி நூலகத்தில் இருக்கும், அங்கேயே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். பாடநூலில் இருக்கும் அயல்நாட்டு உதாரணங்களை மனப்பாடம் செய்வதை விட, நம்மைச் சுற்றி இருப்பவற்றை எடுத்துக்கொள்வதே பயன் தரும்.

சுங்குடிச் சேலையைப் பற்றி மூன்று புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் கைக்கலையைச் சொல்வது 746.6இல் போகும். துணி உற்பத்தித் தொழில்நுட்பத்தைச் சொல்வது 677. அந்தத் தொழிலின் பொருளாதாரத்தைப் பேசுவது 338. பொருள் ஒன்றுதான், பார்வை எதுவோ அதன்படி எண் மாறுகிறது. ஜல்லிக்கட்டும் அப்படித்தான். காட்சி நிகழ்வாகப் பார்த்தால் 791.8, மாட்டினத்தைப் பற்றி என்றால் 636.2, வழக்கும் சட்டமும் என்றால் 344. தலைப்பை மட்டும் பார்த்து எண் போடுகிறவர் மூன்றையும் ஒரே தட்டில் தள்ளிவிடுவார். முன்னுரையையும் பொருளடக்கத்தையும் படிக்காமல் பென்சிலை எடுக்காதீர்கள்.

கீழடியைப் பற்றிய நூலில் நிபுணர்களே சண்டை போடலாம். பழங்கால இந்தியா என்று 934இல் வைப்பதே டூயி காட்டும் வழி. தமிழ்நாட்டு வரலாறு முழுவதும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று 954.82இல் வைத்திருக்கும் நூலகங்களும் இருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த நூலகத்தில் முன்பே வந்த கீழடி நூல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. புதிதாக வந்தவர் தம் அறிவைக் காட்டுவதற்காக வேறு எண் கொடுத்தால், வாசகர்தான் இரண்டு தட்டுக்கும் நடுவே அலைவார்.

தமிழ் நூல்களைப் பட்டியலிடுதல்

இங்கேதான் ஆங்கிலப் பாடநூல் கைவிடுகிறது, நல்ல ஆளுக்குத் தட்டுப்பாடும் இங்கேதான். பட்டியலில் தேடி, "ஔவையார் நூல் எதுவும் இல்லை" என்று வாசகர் திரும்பிப் போவார். அடுக்கில் இருக்கும். காரணம் என்னவென்றால், விவரம் ஏற்றியவர் ஔ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருப்பார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பட்டியலை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போதும் இத்தகைய பிழைகள் புகுந்துவிடும். அகர வரிசையும் சிக்கல்தான். நம் நெடுங்கணக்கில் ற, ன கடைசியில் வருகின்றன. ஒருங்குறி அட்டவணையிலோ ந பக்கத்தில் ன, ர பக்கத்தில் ற. கணினி கொடுக்கும் வரிசையை அப்படியே நம்பி அச்சிட்டுவிடாதீர்கள்.

பெயர்களுக்கு ஒரே வடிவம் வேண்டும். தலைப்பெழுத்துகள் பின்னால் போகும்: ரங்கநாதன், எஸ். ஆர். ஒரு புத்தகத்தில் அரங்கநாதன், இன்னொன்றில் இரங்கநாதன் என்று இருந்தாலும் ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்த வேலை, ஆண்டு அச்சிடாத நன்கொடைப் புத்தகங்கள். தலைப்புப் பக்கத்தில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எந்தச் சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். விலை எட்டணா என்றிருந்தால் 1987 அடிபட்டுப் போகும், ஏனென்றால் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. மிச்சம் இரண்டையும் ஆசிரியர் வாழ்ந்த காலம் தீர்த்துவைக்கும். லை, னை போன்றவை பழைய தும்பிக்கை வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய அச்செழுத்தை அதற்குப் பிறகும் சில அச்சகங்கள் விடவில்லை. ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு கேள்விக்குறி சேருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா வைத்துவிட்டுப் போன புத்தகங்கள் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகுங்கள். கை ஓட, இணைய நூலகமான விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலராகச் சேரலாம். நீங்கள் திருத்திய பக்கங்கள் உங்கள் பயனர் பெயரிலேயே பதிவாகும். அதை விண்ணப்பத்தில் காட்டலாம்.

நூலக மென்பொருளில் கோஹா இலவசம், உபுண்டு இயங்குதளம் உள்ள கணினியில் நிறுவலாம். பல கல்லூரிகளில் அதுதான், சில இடங்களில் சோல், அரசு நூலகங்கள் சிலவற்றில் இ-கிரந்தாலயா. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதைப் பழகிவிடலாம். வீட்டிலிருக்கும் ஐம்பது புத்தகங்களை முழுக்கக் கையால் ஏற்றுங்கள். பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் மார்க் என்ற தர முறையில் ஓர் எண் உண்டு: 020இல் ஐ.எஸ்.பி.என்., 082இல் டூயி எண், 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 264இல் வெளியீட்டு விவரம், 300இல் பக்கமும் அளவும், 650இல் பொருள். வெளிநாட்டு நூலகப் பட்டியலிலிருந்து பதிவை இறக்கிக்கொள்ளும் வசதியைப் பிறகு பழகினால் போதும். அங்கே தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் மேலும் கீழும் புள்ளியும் கோடுமாக இருக்கும். அதைத் தமிழில் மாற்றாமல் விட்டால் நம் வாசகருக்கு அந்தப் பதிவு இருந்தும் இல்லாததுதான்.

ராமபாணமும் மழையும்

கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுகிறவரை நான் உடனே மேசையிலிருந்து எழுப்பிவிடுவேன். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை இறங்கி, எழுத்தையும் சேர்த்து அழிக்கும். பைண்டிங் கடையில் சில நாள்கள் உட்கார்ந்து தையலும் மைதாப் பசை காய்ச்சுவதும் பாருங்கள். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது நச்சு, கையைக் கழுவாமல் டீயைத் தொடாதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே கூரை ஒழுக்கையும் சன்னலையும் பாருங்கள், அடுக்குகள் சுவரை ஒட்டி நிற்காமல் இடைவெளி விடுங்கள். ஈரம் சேர்ந்த இடத்தில் புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி தானாக வரும். இருப்புச் சரிபார்ப்பு நடக்கும்போது முகக்கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம்.

எழுதி வையுங்கள், எழுதி வாங்குங்கள்

ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, எத்தனை புத்தகம், எந்த மென்பொருள், யார் மேற்பார்வை என்று குறித்துவாருங்கள். "நூலகத்தில் உதவினேன்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "கிளை நூலகத்தின் 300 தமிழ் நாவல்களை வரிசைப்படுத்தி, 120 நூல்களுக்குக் கோஹாவில் பதிவு உருவாக்கினேன்" என்பதை எழுதினால் கூப்பிடுவார்கள். பயிற்சி முடியும் நாளிலேயே அலுவலக முத்திரையுடன் கடிதம் வாங்கிவிடுங்கள். நூலகர் இடமாறுதல் ஆனபின் அலைய வேண்டாம்.

வேலைக்கு எங்கே பார்ப்பது என்றால், அரசுப் பணிகளுக்கு நூலகப் பணிகள் பற்றிய டி.என்.பி.எஸ்.சி.யின் தேர்வு அறிவிப்பு. பட்டதாரிகளுக்குத் தொழிற்பழகுநர் திட்டத்தின் இணையதளம், அதன் தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பெரிய கல்வி நிறுவனங்கள் நூலகப் பயிற்சியாளரை உதவித்தொகையுடன் எடுக்கும்போது தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. வயது, தகுதி எல்லாவற்றையும் அந்தந்த அறிவிப்பில் படியுங்கள், தெருமுனைப் பேச்சை நம்பாதீர்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரிடம் நிற்கவே வேண்டாம்.

நேர்முகத்துக்கு நோட்டையும் நீங்கள் செய்த பதிவுகள் நான்கைந்தின் அச்சுப்படியையும் கொண்டுபோங்கள். கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பயிற்சிக் காலம் எவ்வளவு, தொழில்நுட்பப் பிரிவிலும் வைப்பார்களா அல்லது வாசல் பதிவேட்டில் மட்டும் உட்கார வைப்பார்களா, உதவித்தொகை எந்தத் தேதியில் வரும், அனுபவச் சான்றிதழில் செய்த வேலைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடுவார்களா என்று கேளுங்கள். நான்கையும் கேட்ட பிறகே சேருவதைப் பற்றி முடிவெடுங்கள்.