ஃபைபர் படகில் இத்துப்போன மரம்: மாற்றும்போது செய்யக்கூடாதவை

ஃபைபர் படகு மக்காது என்று பலரும் நம்புகிறார்கள். ஃபைபர் மக்காதுதான். ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள்ளும், தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கருக்குள்ளும் இருப்பது மரம். சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி கரைகளுக்கு வந்த படகுகளில் இன்னும் ஓடுபவற்றுக்கு இருபது வயதாகிவிட்டது. உள்ளே அந்த மரம் எப்படி இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்தை அதிகம் கெடுக்கும். உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கிவைக்கும். நல்ல தண்ணீரில் அது தாராளமாக வளரும். ஐப்பசி, கார்த்திகையில் கரையேற்றிய படகில் தண்ணீர் வடியும் ஓட்டையின் பிளக்கைக் கழற்றாமல் விட்டால், தேங்கிய மழைநீர் போல்ட் ஓட்டை வழியாக மரத்துக்குள் இறங்கும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் நனைந்த படகை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

சோதனை எளிது. சுத்தியலின் பின்புறத்தால் தட்டுங்கள். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும், இத்த மரம் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து சிறிய துளை போடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு படகின் பின்பலகையில் துளையிட்டபோது, வடிகட்டிய டீத்தூள் போலக் கறுப்பாக, ஈரமாகத் துகள் வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் கோடு போட்டு இறங்கியது. வெளியே பெயிண்ட் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் பலர் செய்வது: வரிசையாகத் துளை போட்டு ரெசினை (ஃபைபர் வேலைக்கான பிசின்) ஊற்றி அடைத்துவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரமரம் ரெசினைக் குடிக்காது. மேலே ஓடு போல இறுகும், உள்ளே அழுகல் தொடரும். கெட்ட மரம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். கறுத்த இடத்தோடு நிறுத்தாமல், துகள் வெளுப்பாக, காய்ந்து வரும் இடத்தையும் தாண்டி ஒரு சாண் வெட்டுங்கள்.

அடுத்து அவசரம். வெட்டிய அன்றே புது மரம் வைக்க ஆள் நிற்பார். மிச்சமிருக்கும் மரமும் ஃபைபரும் காய வாரக்கணக்கில் ஆகலாம். கூரையைப் போட்டு, காற்றோட விடுங்கள். ஈரமானி கிடைத்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டிரிங்கர்களை மொத்தமாகக் கழற்றக்கூடாது. படகைச் சமமாக முட்டுக்கொடுத்து, ஒன்றை எடுத்து ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதி வளைந்து, அந்த வளைவோடே இறுகிவிடும். பின்பலகையைப் பிரிக்கும் முன் அதன் உயரத்தையும் சாய்வையும் அளந்து எழுதிவையுங்கள். உயரம் மாறினால் ப்ரொபெல்லர் நிற்கும் ஆழமும் மாறும்.

மரம் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஐ.எஸ். 303 வீட்டு வேலைக்கானது. நாலு பக்க விளிம்பிலும் ரெசின் பூசாமல் வைக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சுவது அந்த விளிம்புதான்.

பழைய ஃபைபர் மேல் அப்படியே மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டுவதும் பெரிய தவறு. 40 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். ஃபைபரின் வெட்டுவிளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர் அகலம். மூலைகளில் புட்டி வைத்து வளைவாக்கிய பிறகே மேட் போடுங்கள். கூர்மூலையில் மேட் படியாது, அடியில் காற்று நிற்கும்.

கலவையில் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் 1 கிலோவுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் குறைவான அளவே போதும். கூட்டினால் சூடேறி வெடிப்பு விடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அப்புறம் ஹார்டனர். தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் அவசியம்.

கடைசியாக எஞ்சின் போல்ட். பழைய அளவில் புது மரத்தைத் துளைத்து நேரே முறுக்கிவிட்டால், தண்ணீருக்கு அதே பழைய வழியைத் திறந்துவிடுகிறோம். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் போல்ட் அளவுக்குத் துளையுங்கள். சுற்றிலும் மரைன் சீலன்ட் வைத்து இறுக்குங்கள்.